கம்பு எடுத்தால் பயம் போகுமா?

கேள்வி: எனக்கு வயது 21. கள்ளிக்குடி பக்கம் ஊர். மதுரையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். உயரம் 170 செ.மீ., எடை 52 கிலோ. மூன்று மாதத்துக்கு முன்னால் பஸ்ஸில் சீட் தகராறு. முன்பின் தெரியாத ஒருவன் எல்லார் முன்னாலும் என்னைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். நான் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து ராத்திரி படுத்தால் அதே காட்சிதான் ஓடுகிறது. மனசுக்குள்ளேயே அவனை விதவிதமாக அடித்துப் பார்க்கிறேன். பாக்ஸிங் போகலாமா, சிலம்பம் கற்கலாமா, ஜிம் போதுமா என்று குழப்பம். "கம்பு எடுத்தவன் கடைசியில் கேஸில்தான் நிற்பான்" என்கிறார் அப்பா. இந்த வயதில் ஆரம்பித்தால் வருமா? தைரியம் வருமா? அவனை மறுபடி பார்த்தால் திருப்பி அடிக்கிற அளவுக்குத் தேற எத்தனை மாதம் ஆகும்?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில் (மருத்துவ உளவியலாளர், மதுரை):

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதற்குத் துணைக்கு வந்த கேள்விகள் மாதிரித்தான் தெரிகிறது.

எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள். ஆறு மாதம் கற்றவன் தெருச் சண்டையில் ஒன்றுமே கற்காதவனைவிட மோசமாக மாட்டிக்கொள்வதும் உண்டு, ஓட வேண்டிய நேரத்தில் நின்றுவிடுவான். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. அறை விழுகிற அந்த நொடியில் நீங்கள் கையைத் தட்டிவிட்டிருந்தாலோ, அவனைத் தள்ளிவிட்டிருந்தாலோ அது தற்காப்பு. அதிலும் தேவைக்கு மேல் ஒரு அடி கூடக் கூடாது. மூன்று மாதம் கழித்துத் தேடிப்போய் அடித்தால் அது வெறும் தாக்குதல், வழக்கு உங்கள் மேல்தான் வரும். 21 வயதில் ஒரு கிரிமினல் கேஸ் விழுந்தால் போலீஸ் வேலையிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் ஒவ்வொரு சரிபார்ப்பிலும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா பயப்படுவதும் இதற்குத்தான். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு உங்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

கடிதத்தில் வலியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. "எல்லார் முன்னாலும்" என்பது இருக்கிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த அறை இல்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பஸ் நிறைய முகங்கள். இன்னொன்றும் இருக்கிறது. திருப்பி எதுவும் செய்யாமல் இறங்கிவிட்டேன் என்று உங்களை நீங்களே கோழை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். திடீரென்று அடி விழும்போது மூச்சு நிற்பதும், காது அடைப்பதும், கை கால் வேலை செய்யாமல் போவதும் மூளை தானாகச் செய்கிற காரியம். எதிர்ப்பதா ஓடுவதா என்று யோசித்து முடிப்பதற்குள் உடம்பு உறைந்துவிடும். பெரிய உடம்புக்காரர்களுக்கும் இப்படி ஆகும். அப்புறம் அவர்களும் வெளியில் சொல்லமாட்டார்கள். போதாததற்கு, நீங்கள் இறங்கிப் போனதால் விஷயம் ஒரு அறையோடு முடிந்தது. அவன் பையில் என்ன வைத்திருந்தான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது பயிற்சிக்கு வருவோம். போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

சிலம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் சாயங்காலம் ஊர் மந்தையிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ நடக்கும். முதல் நாளே கம்பைச் சுழற்றி எதிரியைச் சாய்க்கப் போகிறோம் என்று போனால் ஏமாந்து போவீர்கள். வணக்கம் செலுத்தச் சொல்லிக்கொடுப்பார்கள், அப்புறம் காலடி. நேராக இரண்டு எட்டு, திரும்பி இரண்டு எட்டு, முழங்கால் மடக்கம், எந்தக் காலில் எடை என்று அதிலேயே வாரங்கள் போகும். பிறகுதான் புருவ உயரக் கம்பு கைக்கு வரும். அதைச் சுற்றத் தொடங்கியதும் முதலில் அடி வாங்குவது உங்கள் கணுக்கால் எலும்புதான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொப்புளம் வரும். கம்பு கை நழுவிப் பக்கத்தில் நிற்பவர் காலடியில் போய் விழும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் வகுப்புப் பையன், காலேஜ் பெண், கடை அடைத்துவிட்டு வந்த நாற்பது வயது ஆள். உங்கள் காலடி தப்பாக இருந்தால் வாத்தியார் தானே வரமாட்டார், இரண்டு வருடமாக வருகிற பத்து வயதுச் சிறுமியை அனுப்புவார். "அண்ணே, இடது கால் முன்னாடி வரணும்" என்று அவள் உங்கள் முழங்காலைத் தட்டித் திருத்துவாள். முதல் வாரம் காது வரை சிவந்துவிடும். இரண்டாவது மாதம் நீங்களே அவளைக் கூப்பிட்டு "இது சரியா பாப்பா?" என்று கேட்பீர்கள்.

உங்களுக்கு வேண்டிய மருந்து இதுதான் என்பது என் கணிப்பு. பத்துப் பேர் முன்னால் தப்புச் செய்வது, அவர்கள் பார்ப்பது, ஒன்றும் ஆகாமல் மறுநாளும் போய் நிற்பது. பஸ்ஸில் நடந்த அவமானத்தின் மேல் வேறு மாதிரியான அனுபவங்கள் ஒவ்வொன்றாகப் படிய வேண்டும். தனியாக அறையில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் அது படியாது.

அடுத்து, அடி. கொஞ்ச மாதம் கழித்து ஜோடி போட்டு ஆட விடுவார்கள். எதிராளியின் கம்பு நுனி தோளைத் தொட்டால் அவருக்குப் புள்ளி. ஆரம்பத்தில் கம்பு வருவதற்கு முன்பே உங்கள் கண் மூடிக்கொள்ளும், தோள் காதுவரை ஏறும், மூச்சு நின்றுவிடும். பஸ்ஸில் நடந்ததும் இதேதான். வாத்தியார் "கண்ணைத் திற, மூச்சு விடு" என்று கத்துவார். மறுபடி தொடும். மறுபடி. ஒரு கட்டத்தில் கம்பு தோளைத் தட்டும்போது கண் திறந்தே இருக்கும். லிஃப்டில் ஏறப் பயப்படுபவரை முதலில் லிஃப்ட் வாசலில் நிற்கவைத்து, பிறகு உள்ளே போய் வெளியே வரச் சொல்லி, பிறகு ஒரு மாடி மட்டும் என்று படிப்படியாகப் பழக்குவது எங்கள் சிகிச்சை முறைகளில் ஒன்று. ஜோடிப் பயிற்சியில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. ஆபத்து இல்லாத இடத்தில், நம்பிக்கையான ஆளிடம், கொஞ்சம் கொஞ்சமாக அடி வாங்கிப் பழகுகிறீர்கள். பயம் சுத்தமாகப் போகாது. பயந்துகொண்டே யோசிக்க முடியும் என்கிற நிலை வரும். அந்த நிலையில் இருப்பவன்தான் பஸ்ஸில் "விடுங்கண்ணே, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நிற்பான், ராத்திரி தூங்கவும் செய்வான்.

கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஊர் முழுக்க ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்தினால் உள்ளே இருக்கிற கோபம் வெளியே போய்விடும் என்பார்கள். பிராட் புஷ்மன் என்கிற அமெரிக்க உளவியலாளர் 2002-இல் 600 கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். முதலில் அவர்களைக் கோபப்படுத்தினார்கள். பிறகு ஒரு குழு, கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தியது. இன்னொரு குழு, உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே தேவலை என்றாகிவிட்டது.

நீங்கள் தினமும் ராத்திரி படுக்கையில் செய்வது இந்த முதல் குழுவின் வேலைதான், மூட்டை மட்டும் இல்லை. ஆகவே பயிற்சிக்குப் போகும்போது அந்த ஆளின் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு கம்பு வீசாதீர்கள். முகம் வந்தால் காலடியை எண்ணுங்கள். பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து, மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கும்படி மெதுவாக விடுங்கள். கோபத்தைக் குறைப்பதில் உடம்பைக் கொதிக்கவைக்கிற வேலைகளைவிட அடக்குகிற வேலைகளுக்கே பலன் அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. பழைய வாத்தியார்கள் கடைசியில் எல்லாரையும் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அதைத் தவிர்த்துவிட்டு பைக்கை எடுக்காதீர்கள்.

சிலம்பமா, பாக்ஸிங்கா, கராத்தேயா? எதைக் கற்பது என்பதைவிட யாரிடம் கற்பது என்பதைப் பாருங்கள். இதுவும் நான் சும்மா சொல்வதில்லை. 1986-இல் மைக்கேல் ட்ரூல்சன் என்பவர் வம்பு வழக்குகளில் சிக்கக்கூடிய 13 முதல் 17 வயது வரையிலான பையன்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார். வணக்கம், தியானம், மரியாதை எல்லாம் சேர்த்து டேக்வாண்டோ என்கிற கொரியத் தற்காப்புக் கலையைக் கற்ற குழுவில் மூர்க்கம் குறைந்தது, தன்மதிப்பு கூடியது. சண்டை நுணுக்கம் மட்டும் கற்ற குழுவில் வம்புக் குணம் கூடிவிட்டது. சின்ன ஆய்வு, மொத்தமே 34 பையன்கள். அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 2005-இல் நார்வேயில் எண்ட்ரெசன், ஓல்வியஸ் இருவரும் வெளியிட்ட ஆய்விலும், குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கீழைத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் சேர்ந்த 11–13 வயதுப் பையன்களிடம் விளையாட்டுக்கு வெளியிலும் அடாவடி கூடியதாகக் கண்டார்கள். கலை கற்றாலே பையன் ஒழுங்காகிவிடுவான் என்று பயிற்சிக்கூட நோட்டீஸில் போட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனவே சேருவதற்கு முன் இரண்டு மூன்று நாள் சும்மா போய் ஓரமாக நின்று பாருங்கள். தப்புச் செய்த பையனை வாத்தியார் எப்படித் திருத்துகிறார்? தோற்றவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் என்ன செய்கிறார்? அடிபட்டவனை உட்காரவைக்கிறாரா, "ஆம்பளையா இருடா" என்று மறுபடி இறக்கிவிடுகிறாரா? பெண் பிள்ளைகள் தயங்காமல் வந்து போகிற இடமா? இன்னொன்று, நம் மாவட்டங்களில் இதைச் சொல்லாமல் விட முடியாது: வருகிற எல்லாப் பையன்கள் கையிலும் ஒரே கலரில் கயிறு இருந்தால், சுவரில் ஒரு சாதித் தலைவர் படம் மட்டும் மாலையோடு தொங்கினால், அங்கே சேராதீர்கள். உங்கள் சாதியாகவே இருந்தாலும் சேராதீர்கள். அப்பா பயப்படுகிற கேஸ் அந்த மாதிரி இடத்திலிருந்துதான் வரும். அரிவாளைத் தூக்கி ரீல்ஸ் போடுகிற கூட்டமும் அதே ரகம்தான்.

பாக்ஸிங் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் மண்டைதான் இலக்கு. தலைக்கவசம் வெட்டுக் காயத்தைக் குறைக்கும், மூளை உள்ளே குலுங்குவதைத் தடுக்காது. பிடித்திருந்தால் போங்கள், காலடியும் மூட்டைப் பயிற்சியும் நல்ல உடற்பயிற்சி. ஆனால் தலையில் அடிபட்டுக் கிறுகிறுப்போ வாந்தியோ மறதியோ வந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை களத்தில் இறங்கக்கூடாது. இதை முதல் நாளே சொல்லித்தராத பயிற்சியாளரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். ஜப்பானியக் கலையான ஜூடோ கிடைத்தால் அதுவும் உங்களுக்குப் பொருந்தும், விழக் கற்றுக்கொடுப்பதில்தான் அதன் பாடமே தொடங்குகிறது. ஜிம் போதுமா என்றால், உடம்புக்குப் போதும். நீங்கள் எழுதியிருக்கிற பிரச்சினைக்குப் போதாது. அங்கே எதிரே நிற்பது கண்ணாடி, ஆள் கிடையாது.

எங்கே விசாரிப்பது என்றால், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. எந்தப் பயிற்சி எந்த நேரம் என்று அங்கே கேட்கலாம். கடை நேரத்துக்கு ஒத்துவராவிட்டால் திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் சிலம்ப வாத்தியார்களை விசாரித்துப் பாருங்கள்.

வயதா? 21 ஒரு வயதே கிடையாது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஒல்லியான, குள்ளமான பையன். பள்ளியில் மற்ற பையன்கள் அவரைப் போட்டுப் படுத்தினார்கள். அது தாங்காமல்தான் பதின்வயதின் கடைசியில் ஜூஜுட்சு என்கிற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கப் போனார். 1882-இல், உங்கள் 21 வயதில், தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்ந்தது. நீங்கள் ஒலிம்பிக் போகவேண்டாம், வாரத்தில் மூன்று நாள் மந்தைக்குப் போனால் போதும். மூன்று நாளும் ஒரு மணி நேரம் என்றால், வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கும் சேர்ந்து தீர்ந்துவிடும். எலும்பு உறுதிப்படுகிற வயதும் இதுதான்.

உங்கள் உயரத்துக்கு 52 கிலோ சற்றுக் குறைவு. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கில் 18 வருகிறது, குறைந்தது 18.5 இருக்க வேண்டும். இரண்டு கிலோ ஏறினால் சரியாகிவிடும், இதற்குப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கத் தேவையில்லை. பயிற்சி செய்யும்போது நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் நிலக்கடலையில் 12 கிராம் கிடைக்கும். கொண்டைக்கடலை, பருப்பு, மீன், தயிர் என்று சேர்த்தால் வீட்டுச் சாப்பாட்டிலேயே கணக்கு வந்துவிடும். கடை முடிந்து ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவுமாக முடிக்கிற பழக்கம் இருந்தால் அதை வாரத்துக்கு ஒரு நாளாக்குங்கள். மதுரைக்காரனிடம் முழுக்க நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவிடம் வாதாடாதீர்கள். சிலம்பம் இன்று மாநில அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. இதையெல்லாம் சொல்லலாம், ஆனால் வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். ஒதுக்கீடு பதக்கம் வாங்கியவர்களுக்கானது. அதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வாத்தியாரிடம் பேசவிடுங்கள். வாத்தியார் யார், எந்த ஊர், பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார் என்று அவர் பத்து நிமிடத்தில் எடைபோட்டுவிடுவார். உங்களையும் என்னையும்விட அதில் அவர் கெட்டிக்காரராக இருப்பார். பஸ்ஸில் நடந்ததை அவரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லிப்பாருங்கள்.

கடைசியாக, மூன்று மாதமாகியும் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே பஸ்ஸில் ஏறவே பயந்து வேறு வழியில் போகிறீர்களா? கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு எழுகிறீர்களா? யாராவது பக்கத்தில் கையை ஓங்கினாலே உடம்பு நடுங்குகிறதா? குடிக்கத் தொடங்கியிருக்கிறீர்களா? அந்த ஆள் போகும் பஸ், இறங்கும் இடம் எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறீர்களா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பயிற்சியில் சேர்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.